சோற்றை விட்டுவிட்டேன், சீனி என்னை விடவில்லை

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் பக்கமிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், முக்கியமானதை மட்டும் எடுத்துத் தருகிறேன்.

"டொக்டர், எனக்கு 44 வயது, நிறை 68 கிலோ. போன மாதம் கண் மங்கலாக இருக்கிறதென்று கண்ணாடி மாற்றப் போன இடத்தில் இரத்தம் பார்க்கச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் சீனி 172, மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 8.1. இரண்டாம் வகை நீரிழிவு என்று மெற்போமின் 500 காலையும் இரவும் தந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. காலையில் குரக்கன் கஞ்சி, பாடசாலை இடைவேளைக்கு கிரீம் கிரேக்கர், பகலைக்குப் பாண், இரவைக்கு இடியப்பம், சில நாள் இரவில் ஒன்றுமே இல்லை. சீனிக்குப் பதில் கருப்பட்டி. மாமி ஒவ்வொரு நாளும் பாகற்காய் இடித்துச் சாறு தருகிறா. இவ்வளவு செய்தும் காலையில் குத்திப் பார்த்தால் 160, 165. இரவு சாப்பிடாமல் படுத்தாலும் அதே கணக்கு. நான் எதைத்தான் சாப்பிடுவது? சாப்பாட்டாலேயே சரி பண்ணிக் குளிசையை நிறுத்த ஏலாதா?"

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் பென்சிலோடு வாசித்தேன். குரக்கன் கஞ்சிக்குப் பக்கத்தில் 'மா' என்று எழுதினேன், கிரேக்கருக்கு 'மா', பாணுக்கு 'மா', இடியப்பத்துக்கும் 'மா', கருப்பட்டிக்கு 'சீனி'. சோற்றை முன்வாசலால் அனுப்பிவிட்டு அதன் அண்ணன் தம்பிமாரையெல்லாம் பின்வாசலால் கூப்பிட்டு இருத்தியிருக்கிறீர்கள், மீட்டரில் எப்படி இறங்கும்? கோபிக்க வேண்டாம். ஒன்பது வருசத்துக்கு முதல் எனக்கே இது வந்தபோது நானும் முதல் வேலையாகச் சோற்றை விட்டுப் பாணுக்குத்தான் போனேன். வைத்தியம் படித்தவன் செய்த மடத்தனம் அது, அதனால் உங்களைச் சொல்ல எனக்கு வாயில்லை.

கணக்கைப் பார்ப்போம். தேத்தண்ணிக் கப் ஒன்றில் அமுக்காமல் போட்ட சோறு கிட்டத்தட்ட 150 கிராம் வரும், அதில் மாச்சத்து 40 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. 450 கிராம் றாத்தல் பாணில் கால் பங்கைச் சம்பலோடு சாப்பிட்டால், அதுவும் பசியோடு வந்தால் கால் றாத்தல் எங்கே போனதென்றே தெரியாது, 55 கிராம் அளவில் உள்ளே போய்விடும். பாண் வெள்ளைக் கோதுமை மா, நார்ச்சத்து குறைவு, வயிற்றில் சட்டென்று கரைந்து சீனியாகிவிடும். சோற்றுக்காவது கூடவே இரண்டு மரக்கறி, ஒரு மீன் ஆணம் என்று துணை வரும். பாணுக்கு என்ன வரும்? சம்பலும் பருப்பும், சில நாள் வாழைப்பழம். அதாவது சோற்றை விட்டதோடு நீங்கள் மரக்கறியையும் மீனையும் சேர்த்து விட்டிருக்கிறீர்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

குரக்கனைப் பற்றிச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. அது நல்ல தானியம்தான், சுண்ணாம்புச் சத்து அதிகம், தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்தும் கூட. ஆனால் 100 கிராம் குரக்கனில் மாச்சத்து 72 கிராம் அளவில் இருக்கிறது, அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். அதை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, கருப்பட்டியும் போட்டு மடமடவென்று குடித்தால் பல்லுக்கும் வேலையில்லை, வயிற்றுக்கும் வேலையில்லை. குரக்கன் வேண்டுமானால் ரொட்டியாகச் சுட்டு ஒன்று, அதோடு ஒரு மீன் ஆணமோ கீரைச் சுண்டலோ வைத்துச் சாப்பிடுங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் சீனிக்கு மருந்து என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, அந்தப் பேச்சால் குரக்கன் மா விற்பவர்களுக்கு நல்ல காலம்.

கருப்பட்டி, பனங்கட்டி, கித்துள் பாணி, தேன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில். இரத்தத்துக்குள் போனபிறகு அது பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று உடம்பு விசாரிப்பதில்லை. 'இது இயற்கைதானே' என்ற நினைப்பில் இரண்டு கடி கூடவே கடிப்பதுதான் உண்மையில் நடக்கிறது. தேத்தண்ணியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, எழுதாததாலேயே எனக்குச் சந்தேகம். நம்முடைய ஆசிரியர் ஓய்வறைகளில் நாளைக்கு ஐந்து கப் என்பது சாதாரணம். கப்புக்கு இரண்டு தேக்கரண்டி, கரண்டிக்கு 5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 50 கிராம் சீனி, மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ, அதுவும் ஒரு ஆளுக்கு. ஒரேயடியாக நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், முடியாவிட்டால் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். இரண்டு மூன்று கிழமையில் நாக்கு பழகிவிடும், அப்புறம் வேறு வீட்டில் சீனி போட்ட தேத்தண்ணி தந்தால் பாயாசம் மாதிரி இருக்கும்.

சரி, இரவு சாப்பிடாமல் படுத்தும் காலையில் ஏன் 160? இது நல்ல கேள்வி, கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கேட்டுவிட்டு, பதில் வரமுதலே 'மெசின் பிழை போல' என்று தாங்களே சொல்லிக்கொள்வார்கள். மெசின் பிழையில்லை. நாம் சாப்பிடாத நேரத்திலும் மூளைக்குச் சீனி வேண்டும், அதை ஈரல்தான் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. சாதாரணமாக இன்சுலின் ஈரலைப் பார்த்துப் 'போதும், நிறுத்து' என்று சொல்லும். இரண்டாம் வகை நீரிழிவில் ஈரலுக்கு அந்தச் சொல் சரியாகக் கேட்பதில்லை, அதனால் தேவைக்கு மேலே விட்டுக்கொண்டே இருக்கும். போதாததற்கு விடியப்புறம் உடம்பை எழுப்புவதற்கென்று சுரக்கிற சில ஓமோன்களும் சீனியை ஏற்றிவிடும். ஆகவே உங்கள் காலைக் கணக்கில் நேற்றைய இடியப்பத்துக்குப் பங்கு கொஞ்சம், ஈரலுக்குப் பங்கு அதிகம். இரவுச் சாப்பாட்டை விட்டு அதைத் தண்டிக்க முடியாது, நீங்கள் பசியில் கிடந்து அடுத்தநாள் இரண்டு மடங்கு சாப்பிடுவதுதான் மிச்சம்.

நீங்கள் நிறுத்த நினைக்கிற மெற்போமினுக்கு முதல் வேலையே ஈரல் சீனி விடுவதை அடக்குவதுதான். உங்களுக்கு எது பிரச்சினையோ அதற்கான குளிசையையே நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே போடுங்கள், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் வயிற்றோட்டமும் வரலாம், முதல் சில கிழமைகளில் அது பலருக்கு நடக்கும், பிறகு அடங்கும். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பது உங்கள் கிளினிக் டொக்டர் தீர்மானிக்க வேண்டியது. காலைக் கணக்குகளை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அதைப் பார்த்தால் அவருக்கே விளங்கும்.

இனிச் சாப்பாடு. சோற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அம்பாறையும் மட்டக்களப்பும் நெல் விளைகிற பூமி, வயல் கண்ணுக்கு முன்னால் கிடக்க 'இனி வாழ்நாளுக்கும் சோறில்லை' என்று ஒரு மனுசியால் எத்தனை மாதம் இருக்க முடியும்? நான் பார்த்தவரை மூன்றாம் மாதம் உடைந்துவிடும், உடைகிறபோது மொத்தமாக உடையும். சோறு இருக்கட்டும், இடத்தைச் சுருக்குங்கள். உங்கள் சாப்பாட்டுக் கோப்பையில் பாதியை மரக்கறிக்குக் கொடுங்கள், பயற்றங்காய், வெண்டிக்காய், புடோல், பீர்க்கு, வாழைப்பூ, முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை எது கிடைக்கிறதோ அது. கால் பங்கு மீன், முட்டை, கோழி, அல்லது பருப்பு, கௌபி, கடலை. மிச்சக் கால் பங்குதான் சோறு, அது ஏறத்தாழ நான் மேலே சொன்ன தேத்தண்ணிக் கப் ஒன்று. நம் வீடுகளில் வழக்கமாக இது தலைகீழாக இருக்கும், சோறு மலை மாதிரி நடுவில், சுண்டல் ஒரு ஓரத்தில் பொட்டு வைத்த மாதிரி.

இதில் ஒரு கள்ளக்கணக்கு இருக்கிறது, கவனமாக இருங்கள். உருளைக்கிழங்கு, மரவள்ளி, வற்றாளை, பலாக்காய், பலாக்கொட்டை எல்லாம் மரக்கறிப் பக்கத்தில் சேராது, சோற்றுப் பக்கத்தில்தான் சேரும். சோறும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டால் இரண்டு பங்கு சோறு சாப்பிட்ட மாதிரி. மரவள்ளி சாப்பிட ஆசையா, தாராளமாகச் சாப்பிடுங்கள், அந்த நேரம் சோறு வேண்டாம். அரிசியில் வெள்ளைப் பச்சையரிசியைவிடப் புழுங்கல் நல்லது, அதிலும் அதிகம் தீட்டாத சிவப்பு நாடு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் சிவப்பரிசி என்று இரண்டு கோப்பை சாப்பிட்டால் வெள்ளையரிசி ஒரு கோப்பையைவிட மோசம். பழஞ்சோறு கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: ஆறிய சோற்றில் மாச்சத்தின் ஒரு சின்னப் பகுதி எளிதில் கரையாத நிலைக்குப் போகிறது என்பது உண்மை, தயிரும் வெங்காயமும் போட்டு ஒரு கப் அளவு சாப்பிட்டால் குற்றமில்லை. தயிர் எருமைத் தயிராகவே இருக்கட்டும், பாணியை மட்டும் விடுங்கள், தயிருக்குக் கெட்டபெயர் வாங்கிக் கொடுப்பதே அந்தப் பாணிதான்.

இன்னொன்று, செலவே இல்லாதது. சாப்பிடும் ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் சுண்டலும் மரக்கறியும், பிறகு மீன், கடைசியில் சோறு. அதே சாப்பாடு, அதே அளவு, ஆனால் சோற்றைக் கடைசியில் சாப்பிடும்போது சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிற சீனி குறைகிறது. பிசைந்து சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது முதலில் விசர் வேலை மாதிரி இருக்கும். முழுசாக முடியாவிட்டால் பாதி மரக்கறியையாவது முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிசையுங்கள்.

உங்கள் நாளை எடுத்துப் பார்த்தால் எல்லாம் கெடுவது காலையில். ஏழரைக்குப் பாடசாலை என்று ஒரு கப் கஞ்சியோடு ஓடுகிறீர்கள், இடைவேளைக்கு நாலு பிஸ்கட், பிறகு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வரும்போது உலகத்தையே தின்னலாம் என்ற பசி. அந்தப் பசியில் யாருக்கும் அளவு நிற்காது, எனக்கும் நிற்காது. ஆகவே காலையில் கஞ்சியை விட்டு மெல்லுகிற சாப்பாடாகப் பாருங்கள். அவித்த பயறு அல்லது கௌபி ஒரு கப், கொஞ்சம் தேங்காய்ப்பூ, ஒரு முட்டை. இல்லாவிட்டால் மூன்று நாலு இடியப்பம், ஆனால் சொதியில் ஊறவிட்டு அள்ளிக் குடிக்காமல் பருப்போடும் முட்டையோடும். பிட்டு என்றால் ஒரு கைப்பிடி, முதல்நாள் மீன் ஆணம். இடைவேளைக்கு ஒரு சின்ன டப்பாவில் அவித்த கடலையோ ஒரு பிடி வறுத்த கச்சானோ கொண்டுபோங்கள், கிரீம் கிரேக்கர் இனிக்காது என்பதற்காக அது மா இல்லை என்று ஆகாது. பழம் சாப்பிடலாம், கொய்யா ஒன்று, பப்பாளி இரண்டு கீற்று, வாழைப்பழம் என்றால் சின்னதாக ஒன்று, ஆனால் பழமாகவே சாப்பிடுங்கள், சாறு பிழிய வேண்டாம். இரவைக்கு எட்டு மணிக்குள் பகலைச் சாப்பாட்டின் சின்ன வடிவம் போதும், மரக்கறியைக் கூட்டி.

மீனுக்கு நம் பக்கத்தில் குறையில்லை, கீரியும் சூரையும் சாளையும் ஆணமாக வையுங்கள், பொரியல் கிழமையில் ஒருநாள். தேங்காய்ப்பால் மீட்டரில் உடனே காட்டாது, இருதயத்தில் காலம் கழித்துக் காட்டும், நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் ஆபத்து ஏற்கெனவே கூட, அதனால் கட்டிப்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் சமையுங்கள். கருவாட்டில் உப்பு, பிரசர் இருந்தால் அளவாக. முக்கியமாக, உங்களுக்கென்று தனிச் சட்டி வைக்க வேண்டாம். இது வீட்டில் எல்லாரும் சாப்பிடக்கூடிய சாப்பாடு, உங்கள் பிள்ளைகளுக்கு இந்த வருத்தம் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தனிச்சட்டி வைத்த வீட்டில் நோயாளி இரண்டு மாதத்தில் களைத்துப்போகிறாள், நான் கண்டிருக்கிறேன்.

மெசின் இருக்கிறதுதானே, அதைக் காலையில் மட்டும் குத்திக் கவலைப்படுவதற்குப் பாவிக்காதீர்கள். ஸ்ட்ரிப் விலை எனக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் வேண்டாம், கிழமையில் இரண்டு நாள் போதும். ஒரு சாப்பாட்டுக்கு முதல் ஒருதரம், சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து ஒருதரம். இந்தக் கிழமை பிட்டு, அடுத்த கிழமை சோறு, அதற்கடுத்தது குரக்கன் ரொட்டி. இரண்டாவது கணக்கு 180க்குக் கீழே நின்று, உயர்வும் 40, 50க்குள் இருந்தால் அந்தச் சாப்பாடு அந்த அளவில் உங்களுக்கு ஒத்துவருகிறது. 90 ஏறினால் அளவைப் பாதியாக்கி இன்னொரு நாள் பாருங்கள். ஒரே பிட்டு ஒருவருக்கு ஏற்றும், மற்றவருக்கு அவ்வளவாக ஏற்றாது, இதை நானோ பக்கத்து வீட்டு அக்காவோ சொல்ல முடியாது, உங்கள் விரல் சொல்லும். பொதுவாகக் காலை வெறும் வயிற்றில் 80க்கும் 130க்கும் இடையில், எச்பிஏ1சி 7க்குக் கீழே என்பதுதான் நாம் போகிற இடம். உங்கள் 8.1 என்பது மூன்று மாதச் சராசரியாக 186 அளவு, ஆகவே அடுத்த இரத்தப் பரிசோதனை மூன்று மாதம் கழித்துத்தான், அதற்கு முதல் எடுத்துப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். வேலை செய்கிற தசை இன்சுலின் அதிகம் இல்லாமலே சீனியை இழுத்துக்கொள்ளும். மாலையில் கடற்கரையில் நடக்கச் சொன்னால் 'ஊர் பார்க்கும் டொக்டர்' என்பார்கள், சரி, வளவுக்குள் நடங்கள், கிணற்றடியிலிருந்து கேற் வரைக்கும் இருபது தரம், போன் கதைத்துக்கொண்டே நடக்கலாம்.

மாமியின் பாகற்காய்ச் சாறு. மாமி அன்பில் செய்கிறா, அதை முகத்தில் அடித்த மாதிரி மறுக்க வேண்டாம். பாகற்காய் சீனியைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் குளிசையின் இடத்தைப் பிடிக்கிற அளவுக்கு இல்லை. சாற்றைவிடச் சுண்டலாகச் செய்து தரச் சொல்லுங்கள், நார்ச்சத்தும் கிடைக்கும், கோப்பையில் மரக்கறிப் பாதியும் நிரம்பும், மாமிக்கும் சந்தோசம். வெந்தயமும் அப்படித்தான், ஊறவைத்துச் சாப்பிடுவதில் தப்பில்லை. கொத்தல ஹிம்புட்டு என்கிற மூலிகைக் கொடியின் மரத்தில் செய்த குவளையில் ஊறிய தண்ணீரை யாராவது கொண்டுவந்து தருவார்கள், அதில் விசயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், மாச்சத்து கரைவதைத் தாமதிக்கிற தன்மை அதற்கு உண்டு, அதனாலேயே குளிசையோடு சேர்த்துக் குடிப்பதென்றால் டொக்டருக்குச் சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும்.

குளிசையை ஒருநாள் நிறுத்த முடியுமா என்றால், சிலருக்கு முடியும், பொய் சொல்லவில்லை. பிரித்தானியாவில் நடந்து 2017இல் வெளியான டைரெக்ட் என்ற ஆய்வில், வருத்தம் வந்து ஆறு வருசத்துக்குள் இருந்தவர்களை வைத்தியக் கண்காணிப்பில் மிகக் குறைந்த கலோரிச் சாப்பாட்டில் வைத்து நிறையைக் குறைத்தார்கள். ஒரு வருசத்தில் கிட்டத்தட்ட பாதிப்பேர், 46 சதவீதம், குளிசை இல்லாமல் நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 சதவீதம். அங்கே நடந்தது நிறை குறைந்து ஈரலிலும் சதையியிலும் படிந்த கொழுப்பு இறங்கியது, சோறு விட்டதோ கசப்பு குடித்ததோ இல்லை. அந்தப் பட்டினியை நீங்கள் வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம். உங்கள் 68 கிலோவில் இந்த வருசத்துக்குள் ஆறேழு கிலோ குறைந்தாலே கணக்கு நன்றாக இறங்கும், அந்த நேரம் குளிசையைக் குறைப்போமா என்ற பேச்சை உங்கள் டொக்டரே தொடங்குவார்.

கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிப்பவர் என்று எழுதியிருந்தீர்கள். மெற்போமின் மட்டும் போடுகிற வரைக்கும் சீனி ஆபத்தாக இறங்கும் பயம் குறைவு, ஒருநேரச் சாப்பாட்டோடு பிடிக்கலாம், முதலில் கிளினிக்கில் கேட்டுவிட்டு. ஆனால் அதற்குள் கிளிக்லசைட் மாதிரி, சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய குளிசை சேர்த்துவிட்டார்கள் என்றால் சாப்பாடில்லாமல் அதைப் போடக்கூடாது. வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றி, மீட்டர் 70க்குக் கீழே காட்டினால் அந்த இடத்திலேயே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், விரதம் முறிந்தால் முருகன் கோபிக்கமாட்டார்.

கடைசியாகக் கண்ணாடி. புதுக் கண்ணாடிக்கு ஓடர் கொடுத்திருந்தால் நிறுத்திவையுங்கள். சீனி கூடிக் கிடக்கும்போது கண் வில்லை வீங்கி மங்கலாகும், இறங்க இறங்க அது தானே மாறிக்கொண்டிருக்கும், இன்று அளவெடுத்த கண்ணாடி இரண்டு மாதத்தில் பிழைத்துப்போகும். கணக்கு ஒரு நிலைக்கு வந்து ஆறு எட்டுக் கிழமை போகட்டும், பிறகு அளவெடுங்கள். ஆனால் விழித்திரைப் பரிசோதனை அதற்காகக் காத்திருக்கக்கூடாது, இரண்டாம் வகையில் வருத்தம் கண்டுபிடிக்கிற நாளிலேயே அது செய்ய வேண்டியது. அடுத்த கிளினிக் நாளில் கண் பகுதிக்கு ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், பாதங்களையும் சிறுநீரையும் ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள்.